அண்ணன் கவிதைக்கு ஒரு தேர்வு

ஜூலை 3
அண்ணன் கவிதைக்குப் பரிசாம். பத்திரிகையில் புகைப்படத்தோடு வந்திருக்கிறது. ‘அம்மாவின் கட்டிலருகே விடிய விடிய விளக்காக எரிந்தேன்’ என்று எழுதியிருக்கிறான். ஆறு வருடம் அம்மாவுக்குப் படுக்கை மாற்றியவள் நான். இவன் வந்தது இரண்டே தடவை. இரண்டு தடவையும் வந்த கால் நிற்காமல் கிளம்பிவிட்டான். வயிறு எரிகிறது.

ஜூலை 4
ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “உங்க அண்ணன் மாதிரி பிள்ளை கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்” என்றார். சிரித்து வைத்தேன். இருக்கட்டும், அவனுக்கு இருக்கிறது கச்சேரி.

ஜூலை 9
நாளை பத்தாம் வகுப்புக்கு அணி இலக்கணத் தேர்வு. அண்ணன் மகளும் அந்த வகுப்புதான். அவன் கவிதையை முழுதாக அச்சடித்துக் கீழே கேள்விகள் போட்டேன். கண்ணீரில் கட்டில் மிதந்ததாம் — என்ன அணி? உயர்வு நவிற்சி. மழை அம்மாவை வழியனுப்ப வந்ததாம். தானாகப் பெய்த மழை! தற்குறிப்பேற்றம்.

கடைசிக் கேள்வி: இயல்பு நவிற்சி, அதாவது உள்ளதை உள்ளபடி சொல்லும் வரி ஒன்றை எடுத்து எழுதுக. ஒன்றும் கிடைக்காது. அப்பா அளந்ததெல்லாம் கதை என்று தேடித் தேடி அவளே தெரிந்துகொள்ளட்டும்.

பிள்ளையை இதில் இழுக்கலாமா? — அவன் அம்மாவை இழுக்கவில்லையா?

ஜூலை 10
தேர்வு முடிந்தது. அவள் மணி அடிக்கும்வரை தலை நிமிரவே இல்லை. இன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 12
அண்ணன் போன் செய்தான். “பொண்ணு முகம் குடுத்துப் பேச மாட்டேங்கிறா. ‘பாட்டி பக்கத்துல எத்தனை ராத்திரி இருந்தீங்க’ன்னு கேக்குறா. என்ன சொல்லிக் குடுத்த நீ?”

“அணி சொல்லிக் குடுத்தேன்.”

வைத்துவிட்டான். அப்பாடா!

ஜூலை 13
விடைத்தாள் திருத்தினேன். பாதிப் பேர் கடைசிக் கேள்வியைத் தொடவில்லை. அண்ணன் மகள் எழுதியிருக்கிறாள்: ‘“கண்மூடும் முன் என் பெயரைத்தான் கூப்பிட்டாள்.” மற்றதெல்லாம் அப்பாவின் கற்பனை. இது மட்டும் அத்தை அப்பாவிடம் போனில் அழுதுகொண்டே சொன்னது. நானும் பக்கத்தில் இருந்து கேட்டேன்.’

சொன்னேன்தான். அம்மா கையை நான் பிடித்திருந்தேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவனைக் கூப்பிட்டாள். ஆறு வருஷம்மா, ஒரு தடவை என் பேரைச் சொல்லியிருக்கக் கூடாதா?

பத்திரிகையில் அந்த வரியைத் தாண்டித்தான் படித்தேன். அச்சுக்குக் கொடுக்கும்போதும் கண் அதைத் தாண்டியே போனது.

விடை சரி. இரண்டு மதிப்பெண்ணும் போட்டேன்.