கோயிலைச் சுற்றி ஒரு சுற்று

இன்று காலை நம் மகள் ரெஜினாவின் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். அவசரத்துக்கென்று நான் கொடுத்து வைத்த ரூபாய் நோட்டு, மடித்த மடிப்புக் கலையாமல் கிடந்தது. வேறொரு தாய் என்றால் பெண் பொறுப்பானவள் என்று மகிழ்ந்திருப்பாள். எனக்குப் பயம்தான் வந்தது. நீங்கள் போய் மூன்று வருடமாகியும், உங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் போலிருந்தது.

திண்டிவனத்தில் நம் மாதா கோயில் தேர்த் திருவிழா நினைவிருக்கிறதா? அவளுக்கு ஐந்து வயது. லைட் எரியும் செருப்பு வேண்டுமென்று கடை முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள். நீங்கள் திட்டவில்லை. "போய் கோயில ஒரு சுத்து சுத்திக்கினு வா. அப்பவும் வேணும்னா வாங்கித் தர்றேன்" என்றீர்கள். கோயிலின் பின்பக்கம் அவள் மறைந்தபோது நான் பதறினேன், நீங்கள் சிரித்தீர்கள். திரும்பி வந்தவள், "வேணாம்ப்பா, ராட்டினத்துல ஏறலாம்" என்றாள். அன்று முதல் நம் வீட்டில் எதை வாங்குவதென்றாலும் ஒரு சுற்று. கோயில் இல்லாத இடத்தில் கிடைத்ததைச் சுற்றி.

அந்தப் பழக்கம் உங்களையும் விடவில்லை. விழுப்புரத்துக்கு வேலையாகப் போன அன்று போன் செய்தீர்கள். "நெஞ்சு ஒரு மாதிரியா கீது. டாக்டரு டெஸ்ட்டு எடுக்கச் சொல்றாரு, நெறைய ஆவுமாம். பஸ் ஸ்டாண்ட ஒரு சுத்து சுத்திக்கினு யோசிக்கிறேன்." நான் சிரித்துக்கொண்டே, "சரி, யோசிச்சிக்கினு வாங்க" என்றேன். பாதி சுற்றில் விழுந்தீர்கள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நான் சிரித்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

போன மாதம் ரெஜினாவுக்கு வயிற்று வலி. இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் பள்ளியில் சுருண்டு விழுந்தாள். குடல்வால் வெடிக்கும் நிலை என்று உடனே ஆபரேஷன் செய்தார்கள். அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து உங்களைத் திட்டினேன். என்னை அதைவிட அதிகம்.

கண் விழித்ததும், "ஏன்டி சொல்லல?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரின்னா செலவாவுமேம்மா. தெனமும் கிரவுண்ட ஒரு சுத்து சுத்திப் பாத்தேன், போயிடும்னு."

செலவுக்கு முன் யோசிக்கத் தெரிந்த பிள்ளை என்று பூரித்துப் போயிருந்தோமே, உடம்புக்கு இந்தச் சுற்று கிடையாது என்று நாம் இருவருமே சொல்லவில்லை. "வாங்குற பொருளுக்குத்தான் சுத்து. வலின்னா ஒடனே சொல்லணும்" என்று அவள் கையை என் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினேன். பயம் போகவில்லை. சோற்றை ஒதுக்கினால் பயம். பாத்ரூமில் கொஞ்சம் நேரமானால் கதவைத் தட்டுகிறேன்.

இன்று கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தோம். வாசல் கடையில் ஒரு பாசிமணியை எடுத்துப் பார்த்தாள், வைத்தாள், தானாகவே மெல்ல நடக்கத் தொடங்கினாள். நான் தடுக்கவில்லை. பின்பக்கம் போய் மறைந்தாள். பக்கத்தில் சிரிக்க நீங்கள் இல்லை. அவள் மறைந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

போன வழியிலேயே திரும்பி வந்தாள், வயிற்றில் கை வைத்தபடி.

"தையல் போட்ட எடம் வலிக்குதும்மா. சுத்தி முடிக்கல, ஒடனே வந்துட்டேன்."

ஆட்டோ பிடித்து ஓடினேன். தையல் ஆறுகிற வலிதான் என்றார் டாக்டர். இன்றும் பாத்ரூம் கதவைத் தட்டத்தான் போகிறேன். ஆனால் பாதி சுற்றிலிருந்து அவள் திரும்பி வந்துவிட்டாள்.