குர்த்தாவுக்குள் நீ தைத்த விலாசம்

என் கற்பகத்துக்கு,

நீ போய் இந்த ஆடியோடு மூன்று வருஷம். எழுதுவதில் நான் எப்படி என்று உனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். ராணுவச் சாமான் டிப்போவில் முப்பது வருஷம் பெட்டிகளுக்கு லேபிள் எழுதினேன், அவ்வளவுதான் நம் எழுத்து. பிழை இருந்தால் வழக்கம்போலச் சிரித்துக்கொள்.

நம் வனஜாவுக்கு இருபத்தாறு முடிந்துவிட்டது. எதையும் மெதுவாகவே கற்றுக்கொள்கிற அவளைப் போன்றவர்களுக்காக இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் வகுப்பு நடத்துகிறார்கள். பாடம் கிடையாது. கடைக்குப் போவது, பஸ் ஏறுவது, வங்கியில் வரிசையில் நிற்பது, இதுதான். அங்கே படிக்கிற பிள்ளைகள் ஆளுக்கு ஒருவரோடு ஊருக்குள் சுற்றுகிறார்கள். வனஜாவுக்கு வாய்த்தவள் ஸ்நேஹல், ஒரு மராட்டிப் பெண்.

"காகா, இது என்ன?" என்று ஒருநாள் ஸ்நேஹல் என்னைக் கேட்டாள். குர்த்தாவின் கழுத்துக்குள் நீ தைத்த துணித்துண்டு. வனஜா பேர், வீட்டு விலாசம், என் போன் நம்பர். எட்டு வயதில் தேஹு ரோடு ஸ்டேஷனில் தொலைந்து ஒரு மணி நேரம் கழித்துக் கிடைத்தாளே, அன்றிலிருந்து அந்தத் துண்டு இல்லாத உடுப்பை அவள் போட்டதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ கடைசியாகக் கேட்டதும், "அவ கையை விட்டுடாதீங்க" என்பதுதான். விடமாட்டேன் என்றேன். நீ போனபிறகு நானே தைத்தேன், கோணல்மாணலாக.

"விலாசம் அவளுக்கே தெரியும் காகா, கேட்டுப் பாருங்க" என்றாள் ஸ்நேஹல். கேட்டேன். தமிழ், ஹிந்தி, மராட்டி மூன்றிலும் சொன்னாள். அதோடு விடவில்லை. "துணி குத்துதுப்பா. நான் என்ன உன் டிப்போ பெட்டியா?"

போன சனிக்கிழமை அவள் முதல்முறையாகத் தனியே போகவேண்டும். ஷேர் ஆட்டோவில் நிக்டி வரை. அங்கே ஸ்நேஹல் காத்திருப்பாள். நான் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். நான் கேட்கிற ஆளா? ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அடுத்த ஆட்டோவில் ஏறினேன். "காகா, ஸ்கூட்டர் எங்கே?" என்றான் டிரைவர். ஆட்டோ முழுக்கச் சிரிப்பு.

நிக்டியில் ஒரு வடாபாவ் வண்டிக்குப் பின்னால் ஒளிந்தேன். வனஜா நேராக வந்து ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினாள்.

"உன் செருப்பு தெரியுதுப்பா."

"சும்மா வடாபாவ் சாப்பிட வந்தேம்மா."

"ஹெல்மெட் போட்டுக்கிட்டா?"

ஸ்நேஹல் சிரித்துவிட்டாள். வனஜா சிரிக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. "தனியா வந்தேன்னு நினைச்சேன். அம்மா இருந்தா விட்டிருப்பா" என்றாள்.

விட்டிருப்பாயா, கற்பகம்? எனக்குத் தெரியவில்லை. அன்று கையை விடாதே என்று நீ கேட்டபோது, இந்தக் கை எத்தனை நாளைக்கு இருக்கும் என்று நாம் இருவருமே யோசிக்கவில்லையே. எனக்கு அறுபத்துநாலு. சர்க்கரை வேறு. நான் இல்லாத ஒரு சனிக்கிழமை அவளுக்கு வரத்தானே போகிறது?

நேற்று மத்தியானம் உட்கார்ந்து எல்லா உடுப்பிலும் தையலைப் பிரித்தேன். என் தையல் தொட்டதுமே கையோடு வந்தது. நீலக் குர்த்தாவில் நீ போட்டதுதான் வரவே மாட்டேன் என்றது. பிளேடு வைத்து, ஒவ்வொரு நூலாக எடுத்தேன். கண்ணாடியை நாலு தடவை துடைக்க வேண்டியிருந்தது.

உனக்குக் கொடுத்த வாக்கை மீறப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதே. வருகிற சனிக்கிழமை வாசலைத் தாண்டமாட்டேன். இது சத்தியம். ஹெல்மெட்டைக்கூடப் பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்துவிட்டேன்.

நீ தைத்த அந்த நீலக் குர்த்தாவின் துண்டு இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. என் நம்பரை அடித்துவிட்டு, டிப்போ எழுத்தில் அவள் நம்பரை எழுதியிருக்கிறேன். வயசாகி எனக்கு நினைவு தப்பி எங்கேயாவது நின்றால், யாராவது பார்த்து என்னை அவளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும்.

உன் வீட்டுக்காரன்,
வனஜாவின் அப்பா