மேல்மாடிக்குத் தண்ணீர்

ஆகஸ்ட் 9, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு பள்ளிக்கூடம் அகதி முகாம். எட்டாம் வகுப்பு அறையில் நாலு குடும்பம். பிள்ளைகளை ஏதாவது செய்ய வையுங்கள், கத்தல் தாங்க முடியவில்லை என்கிறார் எங்கள் பள்ளி அதிபர். எனக்கே கத்த வேண்டும் போலிருக்கிறது.

மேல்மாடிக்குத் தண்ணீர் சுமப்பது பிள்ளைகள்தான். என் வகுப்புச் சரோஜா வாளியோடு படியேறுகிறாள், பாதித் தண்ணீர் பாவாடையில். அவள் அம்மாவுக்கு இரண்டு கையும் வெந்துவிட்டது, அவர்கள் கடையை எரித்த அன்று.

நாளைக்குக் கப்பிப் பாடம். அலுமாரியில் இரண்டு கப்பி, சக்கரமெல்லாம் துரு. தேங்காய் எண்ணெய் வேண்டும். கயிறு?

ஆக. 10, புதன்
வெயில். மேல் விறாந்தை விட்டத்தில் ஒரு கப்பி. வாளியோடு ஏறும்படி இன்னொன்று. கயிறு போதவில்லை. பாரம் பாதியானால் இரண்டு மடங்கு கயிறு இழுக்க வேண்டும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிறவள் நான். வாளி அந்தரத்தில் நின்ற பிறகுதான் ஞாபகம் வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். இங்கே வந்து முதல் சிரிப்பு.

பின்னேரம் லொறிக்காரர் ஒருவர் நீளக் கயிறு தந்தார். சரோஜா இழுத்தாள். ஏறியது.

"மிச்சப் பாரம் எங்க டீச்சர் போச்சு?"

விட்டம் தாங்குகிறது என்றேன். விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆக. 12, வெள்ளி
மழை. காலைச் சாப்பாட்டுப் பாண் பிந்தி வந்தது. பருப்பில் உப்பில்லை.

இந்தியாவுக்குப் போகிறவர்கள் பெயர் கொடுக்க வேண்டுமாம். சரோஜாவின் அப்பா தயார். அவருடைய தகப்பனாரே இங்கேதான், கட்டுகஸ்தோட்டையில் பிறந்தவர். இந்தியாவில் யாரைத் தெரியும்? சரோஜா என்னைத் தனியே கூப்பிட்டு, "எனக்குப் போக விருப்பமில்ல. அப்பாக்கிட்ட நீங்க சொல்லுங்க டீச்சர். நீங்க சொன்னா கேப்பாரு" என்றாள். சொல்கிறேன் என்றேன். என்ன நம்பிக்கையில் சொன்னேனோ.

ஆக. 13, சனி
சொன்னேன். நிலைமை அடங்கிவிட்டது, கடையைத் திரும்பப் போடலாம், நான் தினமும் பஸ்ஸில்தானே வருகிறேன், ஒரு பயமும் இல்லை. இப்படியெல்லாம். நல்ல மனிதர், கடைசிவரை கேட்டார். சரோஜா பக்கத்தில்.

"நெத்தியில பொட்டக் காணோமே டீச்சர்" என்றார் மெதுவாக.

பொட்டு இருந்தால் தமிழென்று தெரிந்துவிடும்; பஸ் ஏறுமுன் அழித்துவிட்டு இங்கே வந்து வைத்துக்கொள்வது. தமிழ் டீச்சர்மார் எல்லாரும் இப்போது அப்படித்தான். இன்றைக்கு அவசரத்தில் திரும்ப வைக்க மறந்திருக்கிறேன். கை தானாக நெற்றிக்குப் போனது. வெட்கமாக இருந்தது.

சரோஜாவும் பார்த்தாள். அப்பா பக்கம் திரும்பினாள். "பேரக் குடுத்துருங்கப்பா" என்றாள்.