கவரில் எழுதிய காரணம்

மே 25, 2025, ஞாயிறு

இன்று ஆலயத்தில் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர் போட்டேன். ஐந்நூறு ரூபாய். மேலே வழக்கம்போலக் காரணம் எழுதினேன்: மகள் அபிதாவுக்குப் பெங்களூரில் எம்.பி.ஏ. இடம் கிடைத்ததற்காக. ஆராதனை முடிவில் சபைச் செயலர் குமாரதாஸ் அதை ஒலிபெருக்கியில் வாசித்தார். வெளியே வந்தால் எத்தனை பேர் கை கொடுக்கிறார்கள்! பக்கத்து வீட்டுச் சத்தியபாய் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "எனக்க மோன் டெனிஷ் படிச்ச அதே காலேஜுல்லா? இனி நீ கண்ண மூடிட்டு இருக்கலாம்."

இடம் கிடைத்தது உண்மை. பணம் இன்னும் கட்டவில்லை. ஜூன் 20 வரை அவகாசம். அதைக் கவரில் எழுதவில்லை.

மே 27, செவ்வாய்

நானும் என் கணவரும் மார்த்தாண்டம் போய் வங்கியில் விசாரித்தோம். பன்னிரண்டு லட்சம் கல்விக் கடன். அவ்வளவு தொகைக்கு ஈடு வேண்டுமாம். எங்களிடம் ஈடு என்று இருப்பது சிதறாலில் அப்பா என் பெயருக்கு எழுதித் தந்த முப்பது சென்ட் ரப்பர் தோட்டம் மட்டும். இவருடைய பெயிண்ட் கடை வாடகைக் கட்டடம்.

படிக்கும்போது தவணை இல்லை, ஆனால் வட்டி ஓடும் என்றார் மேலாளர். "வேல கெடச்ச பெறவுதானே வட்டி?" என்று இவர் இரண்டு தடவை கேட்டார். மேலாளரும் இரண்டு தடவை பதில் சொன்னார்.

மே 28, புதன்

கணக்குப் போட்டேன். படிப்பு முடிந்து தவணை தொடங்கும்போது கடன் பதினாலரை லட்சத்தைத் தாண்டியிருக்கும். பிறகு மாதம் இருபதாயிரம், பத்து வருஷம். முடியும்போது அபிதாவுக்கு முப்பத்து நாலு வயது.

என் சம்பளம் பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு. எம்.காம்., எம்.பில். பதினாலு வருஷமாகச் சுயநிதிக் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். ஒரு முதலீடு தேறுமா தேறாதா என்று பார்ப்பது எப்படி? வருஷம்தோறும் பலகையில் எழுதிப்போடுகிறவள் நான். என் படிப்புக்கு அந்தக் கணக்கை நான் போட்டதே இல்லை.

ஜூன் 1, ஞாயிறு

கல்லூரியின் விளம்பரப் புத்தகத்தில் சராசரிச் சம்பளம் வருஷத்துக்கு எட்டரை லட்சம் என்று இருக்கிறது. யாருடைய சராசரி?

ஜூன் 7, சனி

அந்தப் புத்தகத்தின் ஐந்தாம் பக்கத்தில் டெனிஷின் படம். கோட்டும் டையும். நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் செய்தேன். முதலில் நல்ல காலேஜ் மாமி, நல்ல காலேஜ் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கைக்கு எவ்வளவு வருகிறது என்று நேராகக் கேட்டேன்.

முப்பத்து நாலாயிரம். இன்சூரன்ஸ் விற்கும் வேலை. தவணை பதினெட்டரை, அறை வாடகை எட்டு. பெரிய சம்பளம் வாங்கியவர்கள் எல்லாம் முன்பே நாலைந்து வருஷம் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவர்களாம்.

"அபிதாட்ட சொல்லுங்க மாமி. அம்மைட்ட மட்டும் வேண்டாம். அவ எனக்கு லட்சம் ரூவா சம்பளம்ணு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கா."

சொல்ல மாட்டேன் என்றேன். போனை வைத்த பிறகும் ஐந்தாம் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பையன் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

ஜூன் 12, வியாழன்

இவருக்கும் எனக்கும் சண்டை. கணக்கெல்லாம் இவருக்குப் புரிகிறது. ஆனால்—

"சபையில வாசிச்சாச்சு, பெமிலா. இனி போகல்லண்ணா, பைசா இல்லாம நின்னினும்ணு ஆளுவ சொல்லுவினும்."

சொல்லட்டுமே. ஐந்நூறு ரூபாய்க் கவரைக் காப்பாற்றப் பன்னிரண்டு லட்சமா? கவரைப் போட்டது நான்தான். எதற்கு அவ்வளவு அவசரம் எனக்கு? நன்றி சொல்லவா, ஊர் கேட்கவா?

ஜூன் 14, சனி

அபிதாவிடம் டெனிஷ் சொன்னதைச் சொல்லி, என் கணக்குத் தாளையும் காட்டினேன். முழுக்க வாசித்தாள். ஒரு கூட்டல் பிழையைக்கூடக் காட்டித் தந்தாள்.

"கணக்கு சரிதான். ஆனா நீ கடனுக்கா பயப்படுத, இல்ல நான் போறதுக்கா?"

எனக்கே தெரிந்தால்தானே சொல்ல.

ஜூன் 15, ஞாயிறு

தலைவலி என்று சொல்லி ஆலயத்துக்குப் போகவில்லை. தலைவலி இல்லை.

ஜூன் 20, வெள்ளி

கட்டவில்லை. ஈடு வைக்க நான் கையெழுத்துப் போடவில்லை. சாயங்காலம் பெங்களூர்க் கல்லூரியிலிருந்து அழைத்தார்கள். அபிதாவே எடுத்து, வரவில்லை என்று சொன்னாள். பிறகு மாடிக்குப் போய்க் காய்ந்த துணிகளை எடுத்து வந்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று, அவ்வளவு துணி இல்லை.

செய்தது சரியா? சரிதானா?

ஜூன் 29, ஞாயிறு

ஆலய வாசலில், நாலு பேர் நடுவில் சத்தியபாய் அக்கா: "பிள்ளைக்கக் காரியத்துல பிசுக்கக் கூடாது, ஏட்டி. நாங்க வீட்ட ஈடு வச்சுல்லா படிப்பிச்சோம். இப்ப பாரு."

முப்பத்து நாலாயிரம், பதினெட்டரை, எட்டு. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு வார்த்தை போதும், என் மானம் திரும்பி வந்துவிடும். "சரிதான் அக்கா" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

அபிதா திருவனந்தபுரத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்ந்தாள். இருபத்திரண்டாயிரம். என் சம்பளத்தைவிட அதிகம் என்று அவள் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுப் படிப்பதைப் பற்றி யோசிப்பாளாம். ரயிலில் ஒரு மணி நேரத் தூரம்தான், ஆனாலும் ஹாஸ்டலில்தான் இருப்பேன் என்றாள். உடனே சரி என்றேன். அன்றைக்கு அவள் கேட்டதற்கு இதைப் பதிலாக வைத்துக்கொள்ளட்டும்.

வீட்டில் மூன்று தட்டு எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

அபிதாவின் முதல் சம்பளத்துக்குக் கவர் போட்டேன். காரணம் எழுதவில்லை. ஆராதனைக்கு முன்பே குமாரதாஸ் வந்து, மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். பெயரை மட்டும் வாசியுங்கள் என்றேன்.

ஓண விடுமுறைக்கு டெனிஷ் வந்திருந்தான். மத்தியானம் போய்விட்டான்.

நாலு மணிக்குச் சத்தியபாய் அக்கா வந்தாள். உட்காரச் சொன்னேன், நின்றாள்.

"டெனிஷ் எல்லாத்தையும் சொல்லிட்டான். அவனுக்கக் காரியம் ஒனக்கு நேரத்தே தெரியுமா?"

"தெரியும் அக்கா."

"ஜூன் மாசமே?"

"ம்."

அப்புறம்தான் உட்கார்ந்தாள். காப்பி போட்டுக் கொடுத்தேன், குடிக்கவில்லை. வேதாகமத்தின் உறைக்குள்ளிருந்து நாலாக மடித்த வங்கிக் கடன் தாளை எடுத்து மேஜையில் விரித்தாள்.

"இன்னும் எத்தர மாசம்ணு பாத்துச் சொல்லு."

கட்டியது முப்பத்தைந்து தவணை, பாக்கி எண்பத்தைந்து. சொன்னேன். இன்னொரு தடவை பார்க்கச் சொன்னாள். பார்த்தேன்.

"நான் மாசம் மூவாயிரம் போட்டா எத்தர கொறையும்?"

மனக்கணக்காகச் சொல்லக்கூடியது இல்லை அது. கால்குலேட்டரை எடுத்து வர உள்ளே போனேன்.