தனலட்சுமி ஓடி ஜெயித்த படம்

1946 புரட்டாசி, வெள்ளி இரவு. ஆவடி.

கோபம் இன்னும் அடங்கவில்லை. இன்று என் மகள் தனலட்சுமிக்குக் கருமாதி. விஷ ஜுரத்தில் போனவள். பூந்தமல்லியிலிருந்து வந்த என் அண்ணன், கூடத்தில் மாட்டியிருந்த அவள் படத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னாடா இது? நிஜார் போட்டுகினு கால் தெரிய நிக்கிறவளை நாலு பேர் பாக்க மாட்டி வச்சிகீறே? ஓடாம ஆடாம ஊட்டோட கெடந்திருந்தா இந்த ஜுரம் வந்திருக்குமா?"

ஓடினதால் ஜுரம் வந்ததாம்! சண்டைக் காலத்தில் அவள் பம்பாயில் கப்பல் படையில் தந்தி வேலை பார்த்தாள். அப்போது, "என் தம்பி பொண்ணு பட்டாளத்துல கீறா" என்று ஊரெல்லாம் பெருமையடித்தவர் இதே அண்ணன்தான். படைக்காரர்களின் ஓட்டப் பந்தயத்தில் அவள் முதலாவதாக வந்த அன்று எடுத்த படம் அது. முகமெல்லாம் வேர்வையும் சிரிப்புமாக நிற்கிறாள். இவருக்குக் கால்தான் கண்ணில் பட்டது.

"படம் அங்கதான் இருக்கும் அண்ணாத்தே. பாக்கப் பிடிக்கலன்னா கெளம்பு" என்றேன். சாப்பிடாமலே போய்விட்டார்.

என் மனைவி என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். மகள் ஓடப் போவதை அவள் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் அவளே படத்தை முந்தானையால் துடைத்து, திரும்ப மாட்டினாள்.

படுத்த பிறகு கேட்டாள்: "நான் ஒரு தபாகூட போய்ப் பாக்கலியே. எப்படி ஓடுவா அவ?"

பள்ளிக்கூடத் திடலில் பையன்களை முந்திக்கொண்டு வந்தது வரைக்கும் சொன்னேன். அதோடு நிறுத்திவிட்டேன். எழுந்து வந்து இதை எழுதுகிறேன். உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள். மீதியையும் கேட்க வேண்டுமாம்.