ஏழாம் மாதத்துத் தாடி

மாப்ளே,

வெட்கத்தை விட்டு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் சாவுக்கு நான் பாதி முகத்தோடுதான் வந்தேன். இடது கன்னம் மழுமழுவென்று இருந்தது. வலது கன்னத்தில் நாலு நாள் முள். காதோரத்தில் சோப்பு நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. தேவாரத்தில் என் உரக்கடைக்குப் பின்னால் கண்ணாடி முன் நின்று சவரம் செய்துகொண்டிருந்தபோது போடியிலிருந்து ஆள் வந்தான். பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை என்றான். கத்தியை மடித்தேன், சட்டையை மாட்டினேன், பஸ் ஏறினேன். எனக்கு இன்னொரு கன்னம் இருப்பது போடியில் இறங்கும்வரை நினைவுக்கே வரவில்லை.

உன் வீட்டுப் பந்தலில் உட்கார்ந்திருந்த இரண்டு பெருசுகளுக்கு அன்று நல்ல வேலை கொடுத்தேன்.

"என்னப்பா கோலம் இது?"

"ஏதாச்சும் வேண்டுதலா இருக்கும்."

"பாதி மூஞ்சிக்கா?"

"பாதி பலிச்சிருக்கும். விடப்பா."

நீ இருந்திருந்தால் சிரித்தே புரையேறியிருப்பாய். நீ இருந்தாய்தான். பெஞ்சில், நாடியைச் சேர்த்துத் துணியால் கட்டி, மூக்கில் பஞ்சோடு இருந்தாய். நான் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, கூட்டம் கிளம்புவதற்கு முன்பே கடைசி வரிசைக்கு நழுவிவிட்டேன். நழுவுவது எனக்குப் புதிதில்லையே. தேவாரத்துக்கும் போடிக்கும் ஒரு பஸ் தூரம். பதின்மூன்று வருடமாக உன் வீட்டுப் படியை நான் மிதிக்கவில்லை. கல்யாண வீடுகளில் உன் தலை தெரிந்தால் பந்திக்கு முன்பே கிளம்பிவிடுவேன். உன் பிள்ளையைக் கொன்றவன் நான்தான் என்று நினைத்திருந்தேன். வேறு எந்தக் கோபதாபமும் நமக்குள் இல்லை.

இன்று காலை சோப்பைக் குழைத்ததும் நாம் மலைமேல் இருந்த நாட்களின் வாசனை வந்தது. உன்னைத் தவிர வேறு யாருக்கு எழுதுவது?

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் நாம் இருவரும் வேலை பார்த்த வருடம் அது. எனக்கு இருபத்தேழு, உனக்கு ஒன்றோ இரண்டோ கூட. ஸ்டோரை ஒட்டிய தகரக் கொட்டகையில் ஒரே அறை. எஸ்டேட்டில் எல்லோரும் பிளேடு மாட்டுகிற ரேசரில் வழித்துக்கொண்டிருந்தபோது, எனக்கு மட்டும் மடக்குக் கத்தியில் ஆசை வந்தது. மதுரையில் ஒரு பழைய சாமான் கடையில் கொம்புப் பிடி போட்ட கத்தி ஒன்றைக் கண்டேன். அதைக் கையில் பிடித்து நின்றால் எஸ்டேட்டுக்கே முதலாளி மாதிரி இருக்கும் என்று தோன்றியது. வாங்கிவிட்டேன். பிடித்து நின்றவரைக்கும் அப்படித்தான் இருந்தது. கன்னத்தில் வைத்த பிறகுதான் கதை மாறியது.

முதல் நாள் மூன்று வெட்டு. இரண்டாம் நாள் காது மடலில் ஒன்று. டீக்கடைச் சேட்டன் என் முகத்தைப் பார்த்து, "எந்தா, பூச்ச மாந்தியோ?" என்று கேட்டார். பூனை பிறாண்டியதா என்று கேட்கிறாராம். அதற்குப் பிறகு காய் பறிக்க வரும் பெண்களுக்கு நான் 'பூச்சக்காரர்' ஆனேன்.

மூன்றாம் நாள் கத்தியை என் கையிலிருந்து பிடுங்கினாய். போடி சலூனில் ஞாயிறுதோறும் சீட்டாடிக்கொண்டே சவரக்காரர் கையைக் கவனித்தவன் நீ. ஆனால் உனக்கே அப்போது நெஞ்சைத் தொடும் தாடி. உன் வீட்டுக்காரி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், ஏழாம் மாதம். பிள்ளை பிறக்கும்வரை புருஷன்காரன் முகத்தில் கத்தி படக்கூடாது. அதற்கு முன் இரண்டு தடவை தங்காமல் போயிருந்ததால், நீ மீசையின் ஓரத்தைக்கூடக் கத்தரிக்கவில்லை. தாடிக்காரன் எனக்குச் சவரம் சொல்லிக்கொடுத்த அழகை எஸ்டேட்டே வேலி ஓரம் நின்று வேடிக்கை பார்த்தது.

"மொதல்ல கத்தியத் தொறக்காம வழி."

"தொறக்காம எப்பிடிய்யா வழிக்கிறது?"

"நொரைய மட்டும் வழி. கைக்குப் பழக்கம் வரட்டும். வெரசா போய் என்ன சோலி பாக்கப் போற?"

இரண்டு நாள் மூடிய கத்தியால் வெறும் நுரையை வழித்தேன். பிறகு, கதவு ஆணியில் என் தோல் பெல்ட்டை மாட்டி, கத்தியைத் தீட்டச் சொன்னாய். முதுகு முன்னே போக வேண்டும், வாய் பின்னால் வர வேண்டும் என்றாய். நான் வாயை முன்னே விட்டேன். பெல்ட் இரண்டாகப் போனது. அந்த வாரம் முழுக்க வேட்டியைச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

உலர்த்தும் அடுப்பில் எந்நேரமும் வெந்நீர் கிடைத்தது. அதில் துண்டை நனைத்துப் பிழிந்து முகத்தில் போட்டு, முள் இளகும்வரை உட்கார வைத்தாய். காய்ந்த விரலால் தாடை முழுக்கத் தடவிப் பார்க்கச் சொன்னாய். முடி எந்தப் பக்கம் படுக்கிறதோ அந்தப் பக்கமே கத்தி போக வேண்டும். என் கழுத்தில் அது கீழிருந்து மேலே வளர்ந்திருந்தது.

"ஊருசனம் ஒரு பக்கம் போனா ஒன் கழுத்து ஒரு பக்கம் போகுது மச்சான். அதுகூடத்தான் சண்ட போட்டுக்கிட்டு இருந்திருக்க."

இடது கையால் தோலை இழுத்துப் பிடிப்பதும், கத்தியைக் கன்னத்தோடு கிட்டத்தட்டப் படுக்க வைப்பதும், ஒரு விரல் அகலத்துக்குமேல் ஒரே இழுப்பில் போகாமல் இருப்பதும் வந்துவிட்டன. அமுக்காமல் இருப்பது மட்டும் வரவில்லை. ஒருநாள் என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், சரத்திலிருந்து காய் எடுக்கும் ஒருத்தியைக் காட்டினாய்.

"அவ கையப் பாரு. இழுக்குறாளா? போய்த் தொடுறா, பழுத்தது தானா வருது. பழுக்காதத விட்டுர்றா. அப்பிடித்தான். வர்ற முடி வரும். மிச்சத்த அடுத்த தடவ பாத்துக்கலாம்."

மறுநாள் ஒரு கீறலும் இல்லை. எரிச்சலும் இல்லை. குளிர்ந்த நீரை அடித்து, படிகாரத்தைத் தேய்த்தபோது எங்கேயும் சுரீர் என்று பிடிக்கவில்லை. நான் சேட்டன் கடைக்குப் போய் இரண்டு கன்னத்தையும் மாறி மாறிக் காட்டிக்கொண்டு டீ குடித்தேன். அந்தத் திமிர்தான் மாப்ளே. அந்தத் திமிர் இல்லாமல் இருந்திருந்தால் மற்றது நடந்திருக்காது.

மழை பிடித்தது. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் மண் சரிந்து பாதை அடைபட்டது. ஜீப்பு இல்லை, தபால் இல்லை, கீழேயிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. நீ தாடியைச் சொறிந்துகொண்டு, ஸ்டோர் வாசலில் நின்று பாதையையே பார்ப்பாய். "நடந்து எறங்கிரவா மச்சான்?" என்று பத்து தடவை கேட்டிருப்பாய். "ஏழுதானே ஆச்சு, இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு. கால ஒடிச்சுக்கிட்டுப் போய் நிக்கவா?" என்று தடுத்தவனும் நான்தான்.

ஒரு மத்தியானம் தோட்டத்திலிருந்து வந்தவன் தாடியிலிருந்து ரத்தம் சொட்டியது. தாடைக்குக் கீழே ஒரு அட்டை, நம் ஊர்த் திராட்சை அளவுக்குக் குடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. உப்பு வைத்து எடுத்தேன். அட்டை விழுந்தும் ரத்தம் நிற்கவில்லை. முடிக்குள் படிகாரம் போய்ச் சேரவும் இல்லை.

"அந்த ஒரு எடத்த மட்டும் ஒதுக்கி விடுறேன் மாப்ளே. காலணா அளவு."

"வேணாம்."

"அட்டக்கடிக்குச் சாமி கணக்குப் பாக்காது."

வாசல் வழியாகப் பாதையை ஒரு தடவை பார்த்தாய். பிறகு, "காலணாதான்" என்று சொல்லிக் கழுத்தை நீட்டினாய்.

காலணா அளவு எடுத்தேன். ரத்தம் நின்றது. ஆனால் சொறி பிடித்த நாய் மாதிரி இருந்தாய். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பக்கமும் கொஞ்சம் எடுத்தால் சமமாகிவிடும் என்றேன். எடுத்தேன். இப்போது அந்தப் பக்கம் கூடிவிட்டது. மறுபடி இந்தப் பக்கம் வந்தேன். நீ தடுக்கவில்லை. கண்ணை மூடியிருந்தாய். மூன்று ராத்திரி தூங்காதவன் வெந்நீர்த் துண்டின் சூட்டில் அப்படியே அயர்ந்துபோனாய். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மேலே வளர்வதை மேலேயும் கீழே வளர்வதைக் கீழேயும் விட்டு, அமுக்காமல், இழுக்காமல், ஒரு பொட்டுச் சிவப்பு இல்லாமல் வழித்தேன். என் ஆயுளில் நான் செய்த மிக அழகான சவரம் அது.

விழித்ததும் கன்னத்தைத் தடவினாய். கண்ணாடி கேட்கவில்லை.

"அவளுக்குத் தெரிய வேணாம் மச்சான்" என்று மட்டும் சொன்னாய்.

மறுநாள் பாதை திறந்து முதல் ஜீப்பு ஏறி வந்தது. அதில் உன் மச்சினன் இருந்தான். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே நீ துண்டை எடுத்து நாடியைச் சுற்றிக் கட்டிக்கொண்டாய். பல்வலிக்காரன் மாதிரி ஜீப்பில் ஏறினாய். நான் வரவில்லை. ஸ்டோரில் ஆள் வேண்டும் என்று சொன்னேன். காய் ஒன்றும் ஓடிப்போயிருக்காது.

ஆண் பிள்ளை. மூச்சே இல்லாமல் பிறந்ததாம். உன் மாமியார் தெருவே கேட்க, "மூஞ்சிய வழிச்சுக்கிட்டு வந்து நிக்கிறியே, ஒனக்கு வெளங்குமா?" என்று கத்தினாளாம். இதையும் எனக்குச் சொன்னது ஊர்தான். நீ சொல்லவில்லை. பதினைந்து நாள் கழித்து மலைக்கு வந்தவன், நான் முகம் கொடுக்காமல் அடுப்பைக் கிளறிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாய்.

"ஒங் கத்திக்கு அம்புட்டு நீளமில்ல மச்சான். மெட்டுலருந்து போடி வரைக்கும் எட்டுமா?"

நான் சத்தமாகச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாய் என்றுதான் நினைத்தேன். அந்த மாதமே கணக்கை முடித்துக்கொண்டு மலையிறங்கிவிட்டேன். உனக்கு அப்புறம் பிள்ளையே இல்லை என்று கேள்விப்பட்ட ஒவ்வொரு வருடமும் உன் தெருவிலிருந்து இன்னும் ஒரு தெரு தள்ளி நடந்தேன்.

உன் காரியம் முடியும்வரை நான் கத்தியைத் தொடவில்லை. இரண்டு பக்கமும் வளரட்டும் என்று விட்டேன். உரம் வாங்க வருகிறவர்கள், "என்னண்ணே, வீட்ல விசேஷமா?" என்று கேட்கிறார்கள். நாற்பது வயதில்! என் மனைவி கடைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள். இன்று காலைதான் வழித்தேன். கழுத்துக்கு வரும்போது கை தானாகக் கீழிருந்து மேலே திரும்புகிறது. ஊர்சனத்துக்கு எதிர்ப்பக்கம். உன்னிடமிருந்து என்னிடம் தங்கியது அது ஒன்றுதான். எனக்குப் பிறகு அது யாருக்கும் உதவாது. அது என் கழுத்துக்கு மட்டும் ஆன பாடம்.

நேற்று உன் வீட்டுக்குப் போனேன். பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு படி ஏறினேன். தங்கச்சி காப்பி கொடுத்தாள். அதைக் குடிப்பதற்கு முன் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று அட்டையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. ஏதோ கணக்கு இடிப்பதுபோல் நெற்றியைச் சுருக்கினாள்.

"நீங்க வழிச்சுவிட்டது என்னைக்குண்ணே?"

"ஜீப்பு வந்ததுக்கு மொத நாளு ஆத்தா."

"மொத நாளா?" என்றாள். "பாத அடஞ்ச அன்னைக்கு விடியக்காலமே எல்லாம் முடிஞ்சு போச்சேண்ணே. மேல சொல்லிவிட வழியில்லாம நாலு நாளு சேதிய இங்கன வச்சுக்கிட்டுக் கெடந்தோம்."