அப்பா திரும்ப விட்ட கரிமீன்

பாறசாலை

அன்பு மகள் தன்யாவுக்கு,

அந்த ஊர்க் குளிரில் நீயும் மருமகன் மனுவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை என்று எழுதத்தான் ஆசை. போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாயே, அப்பாவுக்கு மறதி கூடுகிறதா அம்மா என்று. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அதனால் மழையைப் பற்றிப் பேசிவிட்டு போனை வைத்துவிட்டேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன், ஆனால் எழுத உட்கார்ந்த பிறகும் எனக்கு விடை தெரியவில்லை மக்கா.

வியாழக்கிழமை மாலை அப்பா தூண்டிலை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ரெஜியின் ஆட்டோவில் பூவார் காயலுக்குப் போனார். நான் தேங்காய் அரைத்து, குடம்புளி ஊறவைத்துக் காத்திருந்தேன். இருட்டும் நேரத்தில் இரண்டு பேரும் வெறுங்கையோடு வந்தார்கள். ரெஜி வாசலிலேயே நின்று, டீச்சரே, கையகலக் கரிமீனாக்கும், அண்ணன் கைய நனச்சு அதப் பிடிச்சு, தூண்டி முள்ளக் கழத்தி, தண்ணிக்குள்ள தடவிக் குடுத்து விட்டுப்போட்டாரு, எங்க வீட்டுக்காரி கண்டிருந்தா அழுதிருப்பா என்று தலையில் கைவைத்துக்கொண்டான். எனக்குச் சிரிப்புதான் வந்தது. நீ அங்கே ஏரியில் ட்ரவுட் மீனைப் பிடித்து, ஈரக்கையில் தாங்கி, திரும்ப நீந்த விடும் வீடியோவை அப்பா தினமும் நாலு தடவை பார்க்கிறார். மகளைப் போலச் செய்து பார்த்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் கால் கழுவிவிட்டு அடுக்களைக்கு வந்தவர் சட்டியைத் திறந்து பார்த்து, மீனு இன்னும் வெட்டல்லியா, ரெஜி கொண்டு தந்தானே என்றார். நீங்கள்தானே விட்டீர்கள் என்றேன். சட்டியை மெல்ல மூடி வைத்தார், பிறகு, சும்மா உன்னக் களியாக்கினேன் டீச்சரே என்று சிரித்தார். பஸ் ஓட்டிய காலத்திலிருந்தே அவர் கேலிக்காரர்தான், உனக்குத் தெரியாததா, ஆனாலும் அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதித்து வந்ததுபோல் இருந்தது. போன மாதம் நெய்யாற்றின்கரைக்கு மாத்திரை வாங்கப் போனவர் பாதி வழியில் அமரவிளையிலேயே இறங்கி, மாத்திரை வாங்காமல் திரும்பி வந்தார். கூட வேலை பார்த்த ஒருவரைக் கண்டு பேசிக்கொண்டிருந்தேன் என்றார். அதுவும் உண்மையாக இருக்கலாம். ஒரு நாள் பயமாக இருக்கிறது, மறுநாள் நானே பெரிதாக்குகிறேனோ என்று தோன்றுகிறது.

வகுப்பில் விடையை மட்டும் எழுதிய தாளைப் பார்த்து, பிள்ளை தானாகப் போட்டதா பக்கத்தில் பார்த்ததா என்று சொல்ல முடியாது. கரும்பலகைக்குக் கூப்பிட்டு முதலிலிருந்து போடச் சொன்னால் தெரிந்துவிடும். அப்பாவிடம் நான் அப்படிக் கேட்டால் சோதிக்கிறேன் என்று கோபம் வருகிறது, நான் உன் கிளாஸுல இல்ல என்று நேற்றுச் சொல்லியேவிட்டார். நீயும் மீன் பிடிக்கிறவள், நீ கேட்டால் அது வெறும் பேச்சு. திருவனந்தபுரத்தில் டாக்டரைப் பார்ப்பதா என்று அதன் பிறகு இருவரும் சேர்ந்து முடிவு செய்யலாம்.

நீங்கள் இருவரும் மனம் நிறைந்து வாழ வேண்டும். ஏரிக்குப் போகும்போது காதை மூடிக்கொள். இந்த வாரமே அப்பாவைத் தனியே கூப்பிட்டு, அந்தக் கரிமீனைப் பிடித்ததிலிருந்து விட்டதுவரை சொல்லச் சொல், நடுவில் எதையும் நினைவுபடுத்தாமல் கேள்.

உன் அம்மா,
பங்கஜாட்சி